படம் யாருடையது என்பதை முதலில் எழுத்தில் கொண்டு வாருங்கள்

வாசகியின் கடிதம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கல்யாணம், வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா என்று வீடியோ எடுத்துப் பிழைப்பவர் அவர். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து, பத்து வருடங்களுக்கு மேலாக ஆவணப்படங்கள் எடுத்து வருகிறார். நிலம், கூலி, சாதி என்று நேரடியாக அரசியல் பேசும் படங்கள். இப்போது கையில் இருப்பது தன் பகுதியின் கல்குவாரிகளைப் பற்றிய ஒன்றரை மணி நேரப் படம். படப்பிடிப்பு தொடங்கி ஒரு வருடம் கழித்து, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று 3 லட்சம் ரூபாய் கொடுத்தது. எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டைப் பார்த்த பிறகு, ஒன்றியக் கவுன்சிலர் வரும் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். "எங்கள் பணத்தில் எடுத்த படம், எங்கள் படம்" என்கிறார்கள்.

மீதிச் செலவுக்கு, கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா மகன் நண்பர்களிடம் திரட்டி 15 லட்சம் அனுப்பத் தயாராக இருக்கிறார். முகநூலில் போட்ட இரண்டு நிமிட டிரெய்லருக்காகக் குவாரி உரிமையாளர் ஒருவர் 1 கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஊர் மண்டபத்தில் திரையிடக் கேட்டால், "சென்சார் இல்லாமல் போட்டால் கேஸ்" என்கிறார் இன்ஸ்பெக்டர். நண்பர்கள், "ஆவணப்படத்துக்கு சென்சாரே கிடையாது, யூடியூபில் போட்டுவிடு" என்கிறார்கள். படத்தில் பேசிய குவாரித் தொழிலாளிப் பெண் ஒருவர், தன் முகத்தை எடுத்துவிடும்படி கேட்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் இருக்கிறது. வாசகியின் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். தன் மேல் வழக்கு வந்தாலும் படம் தப்பிக்கட்டும் என்று, கணவர் பெயரைத் தயாரிப்பாளராகப் போடலாமா என்று கேட்கிறார். கடைசியாக ஒரு வரி: "பேசாமல் கேமராவைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா?"

என் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

போலீஸ், சென்சார் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தொண்டு நிறுவனம் பற்றி ஆறு வரிதான் இருக்கிறது. நான் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். தணிக்கையையும் தடையையும் எதிர்த்து நீதிமன்றம் போய் வென்ற ஆவணப்படங்கள் இந்த நாட்டில் உண்டு. ஆனால் படம் தன்னுடையது என்று காட்ட ஒரு காகிதம் இல்லாதவருக்கு அந்த வழக்கைத் தொடங்குவதே கஷ்டம். அரசியல் படம் எடுப்பவர்கள் வெளியிலிருந்து வரும் அடிக்குத் தயாராக இருக்கிறார்கள். கூட இருப்பவர்களிடம் கணக்கு எழுதிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். உங்கள் படம் கைவிட்டுப் போவதானால், இன்றைய நிலையில் அந்த வழியாகத்தான் போகும்.

"எங்கள் பணம், எங்கள் படம்"

பணம் கொடுத்தவருக்கே படம் சொந்தம் என்று நீங்களும் பாதி நம்பிவிட்டது கடிதத்தில் தெரிகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957 ஒரு திரைப்படத்தின் ஆசிரியராகக் கருதுவது அதன் தயாரிப்பாளரை. தயாரிப்பாளர் யார் என்பதற்கும் அதே சட்டம் விளக்கம் தருகிறது: அந்தப் படைப்பை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். பணத்தைப் பற்றி அந்த விளக்கத்தில் பேச்சே இல்லை. அவர்கள் வருவதற்கு ஒரு வருடம் முன்பே நீங்கள் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். இது உங்களுக்குப் பெரிய பலம்.

ஆனால் இதற்கு எதிரான பிரிவு ஒன்றும் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், கூலி பெற்றுக்கொண்டு எடுத்துக் கொடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் முதல் உரிமையாளர் கேட்டுக்கொண்டவர்தான். இது 17ஆம் பிரிவு. ஆகவே கேள்வி இப்படி வந்து நிற்கிறது: அந்த 3 லட்சம், உங்கள் படத்துக்குச் செய்த உதவியா, அவர்கள் சொல்லி நீங்கள் எடுத்த படத்துக்கான கூலியா?

இதை நீங்கள் வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் வந்தபோது என்ன குறிப்பு எழுதியிருந்தார்கள்? "ஆவணப்படத் தயாரிப்புக் கட்டணம்" என்று இருந்தால் அது அவர்கள் பக்கம் பேசும். அப்புறம் அந்த வருடத்து 26ஏஎஸ் படிவத்தை, அதாவது உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தைப் பாருங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால், உங்களுக்குக் கொடுத்தது கட்டணம் என்று அவர்கள் ஏற்கனவே வருமான வரித் துறையிடம் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். நீங்கள் ரசீதோ பில்லோ கொடுத்திருந்தால் அதில் என்ன எழுதினீர்கள் என்று தேடுங்கள். முதல் வருடம் எடுத்த காட்சிகளின் மூலக் கோப்புகள், அவற்றின் தேதிகள், அப்போது நண்பர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், உங்கள் கைப்பட எழுதிய திட்டக் குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். மெமரி கார்டுகளை மறுபடி பயன்படுத்திவிட்டீர்கள் என்றால், ஹார்டு டிஸ்க்கில் முதலில் இறக்கிய பிரதியைத் தொடாதீர்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். உங்கள் எடிட்டரால் அதை எடுத்துத் தர முடியும்.

இவ்வளவும் சண்டைக்காகச் சொல்லவில்லை. என் ஆலோசனை சமரசம்தான், ஆனால் எழுத்தில். அவர்களுக்கு நன்றி அறிவிப்பில் இடம், தங்கள் கூட்டங்களில் கட்டணமில்லாமல் திரையிடும் அனுமதி, முடிந்தால் 3 லட்சத்தைத் தவணையில் திருப்பிக் கொடுக்கும் உறுதி. பதிலுக்கு, படத்தின் மீது தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, உள்ளடக்கத்தில் தலையிட மாட்டோம் என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. கவுன்சிலர் பகுதியை நீக்கிவிட்டு நட்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அதை ஒருமுறை செய்தால், உள்ளடக்கத்தில் அவர்களுக்குச் சொல்லுரிமை உண்டு என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும்.

கணவர் பெயர் விஷயம் இங்கேதான் வருகிறது. போடவே வேண்டாம். மேலே சொன்னபடி, தயாரிப்பாளர்தான் சட்டத்தின் கண்ணில் படத்தின் ஆசிரியர். உங்கள் பத்து வருட உழைப்பை ஒரு டைட்டில் கார்டில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். அவருக்கும் ஆபத்து. அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வேறு தொழில் நடத்தக் கூடாது என்பது நடத்தை விதி. உங்களைத் தொட முடியாதவர்கள் அவருடைய துறைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும். உங்கள் பெயரிலேயே தயாரிப்பு இருக்கட்டும். கல்யாண வீடியோ வருமானத்துக்கு ஒரு கணக்கு, படத்துக்கு ஒரு கணக்கு என்று வங்கியில் பிரித்துவிடுங்கள்.

கனடாவிலிருந்து வரும் 15 லட்சம்

இதை நிறுத்தி வையுங்கள். ஒரு ரூபாய்கூட உங்கள் கணக்குக்கு வர வேண்டாம், நான் சொல்வதை முழுக்கப் படிக்கும் வரை.

அண்ணன் தங்கைக்கு அனுப்பும் பணம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, உறவினர் என்று ஏற்கும் பட்டியலில் சித்தப்பா மகன் இல்லை. அவருடைய நண்பர்கள் நிச்சயம் இல்லை. அவர் கனடாக் குடியுரிமை பெற்றவர் என்பதால் அவர் பணம் வெளிநாட்டு மூலம். இதுவே இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைப் பலரும் இந்தியக் குடியுரிமை என்று நினைக்கிறார்கள். ஓசிஐ வைத்திருப்பவரும் இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். ஆகவே யார் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள்.

பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை பெற்றால் ஐந்து ஆண்டு வரை சிறை வைக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அதோடு, செய்தி, நடப்பு நிகழ்வுகள் பற்றிய ஒலி-ஒளி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை பெறவே கூடாது என்று 3ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் படம் அந்த வரையறைக்குள் வராது என்று நான் வாதாட முடியும். ஆனால் வாதாடும் நிலைக்கே நீங்கள் போகாமல் இருப்பதுதான் நல்லது. குவாரிக்காரர் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தேடுவார். "வெளிநாட்டுப் பணத்தில் வளர்ச்சிக்கு எதிரான படம்" என்ற ஒரு வரிச் செய்தி, ஒன்றரை மணி நேரப் படம் சொல்வதையெல்லாம் மறைத்துவிடும்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. நன்கொடையும் வியாபாரமும் சட்டத்தில் வேறு வேறு. வெளிநாட்டுத் தொலைக்காட்சியோ விநியோகஸ்தரோ படத்தின் திரையிடும் உரிமையை ஒப்பந்தம் போட்டு முன்கூட்டியே விலைக்கு வாங்கினால், அது தொழில் நடவடிக்கையில் வரும் தொகை. அதற்கு பில், வரிக் கணக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பு ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். உள்நாட்டில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று நூறு பேரிடம் வாங்குவது அலைச்சல்தான். ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

தொண்டு நிறுவனத்துக்குத் திரும்பி வருகிறேன். அவர்கள் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்றவர்களா, உங்களுக்குத் தந்தது அந்தக் கணக்கிலிருந்தா? 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. அப்படி இருந்தால் அதை உதவித்தொகை என்று அவர்களால் சொல்ல முடியாது. கட்டணம் என்றுதான் சொல்வார்கள். கட்டணம் என்றால் 17ஆம் பிரிவு எழுந்து நிற்கும். அதனால்தான் சமரச ஒப்பந்தத்தை அவசரம் என்கிறேன்.

சென்சார், மண்டபம், யூடியூப்

இன்ஸ்பெக்டர் சொன்னதில் பாதி சரி. நண்பர்கள் சொன்னதில் பாதி தவறு.

ஆவணப்படத்துக்கு சென்சார் கிடையாது என்பது பரவலான தவறான நம்பிக்கை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் கதைப்படம், ஆவணப்படம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. முன்தணிக்கை அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற அடிப்படைக் கேள்வியை 1970ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கே ஒரு குறும் ஆவணப்படத்தைப் பற்றியது. இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் எடுத்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ், டெல்லி நகரங்களின் வசதியையும் வறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய படம் அது. முன்தணிக்கை செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. சான்றிதழ் இல்லாமல் பொதுவில் திரையிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் என்று சட்டம் சொல்கிறது. "பொதுவில்" என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் தெளிவான வரையறை இல்லை. அழைப்பு பெற்ற முப்பது பேர் ஒரு வீட்டு மாடியில் பார்ப்பதை யாரும் பொதுக் காட்சி என்று சொல்ல மாட்டார்கள். போஸ்டர் ஒட்டி மண்டபத்தில் ஐந்நூறு பேரைக் கூட்டினால் கட்டாயம் சொல்வார்கள்.

திரைப்பட விழாக்களுக்கு வேறு வழி. ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தரும். அதுவும் உறுதி கிடையாது. 2017ல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. 2004 மும்பை விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்டபோது, ஆவணப்படக்காரர்கள் சேர்ந்து விகல்ப் என்று ஒரு மாற்று விழாவையே நடத்தினார்கள்.

என் யோசனை, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கொள்கையாக முன்தணிக்கையை எதிர்ப்பவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் படம் பார்க்க வேண்டியவர்கள் அந்தக் குவாரிக் கிராமங்களில் இருக்கிறார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் மண்டபக்காரரிடம் இன்ஸ்பெக்டர் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. தேசிய விருதுக்கு அனுப்பவும் அது வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், சென்னை மண்டல அலுவலகம் பார்க்கும். வெட்டு சொன்னால் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. ஆய்வுக் குழு சொன்னதை ஏற்காவிட்டால் மறுஆய்வுக் குழு உண்டு. அதற்கும் மேலே முன்பு தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான், 30 நாளுக்குள். செலவு கூடிவிட்டது என்பது உண்மை, சின்னப் படக்காரர்களுக்கு இது பெரிய இழப்பு.

நீதிமன்றம் போனால் உங்கள் பக்கம் வலுவான தீர்ப்புகள் இருக்கின்றன. 1989ல் ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. எஸ். ரங்கராஜன் வழக்கு. போராட்டம் வரும், கலவரம் வரும் என்று காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று சொன்ன தீர்ப்பு அது. போபால் விஷவாயு பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்ப தூர்தர்ஷன் மறுத்தது தவறு என்று 1992ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் ஒரு படத்துக்கு தணிக்கைக் குழு கேட்ட வெட்டுகளை 2003ல் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கியது. அவருடைய இன்னொரு படம் 1995ல் முடிந்தது. அதை தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணை வந்தது 2006ல். வெற்றிதான். இடையில் போன பதினொரு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

யூடியூபுக்கு சென்சார் சான்றிதழ் தேவையில்லை, அது சரி. அதனால் சட்டமே இல்லை என்று ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு முடக்கலாம். 2023 ஜனவரியில், 2002 குஜராத் வன்முறை பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகளை 2021 விதிகளின் அவசர அதிகாரத்தில் நீக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து பதிப்புரிமைப் புகார். டிவி செய்தித் துண்டு, திருவிழாக் காட்சியில் பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டு, இவற்றை வைத்துப் புகார் கொடுப்பது ரொம்பச் சுலபம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை எச்சரிக்கை, விழுந்தால் சேனலே போய்விடும். அந்த இடங்களை இப்போதே எடிட்டில் சரி செய்யுங்கள். இன்னொன்று, பல விழாக்கள் பிரீமியர், அதாவது முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று கேட்கும். முதலிலேயே யூடியூபில் போட்டுவிட்டால் அந்தக் கதவுகள் மூடிவிடும். யூடியூப் கடைசிப் படியாக இருக்கட்டும்.

1 கோடி நோட்டீஸ்

இதற்காகத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்குங்கள். நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. தமிழ்நாட்டில் 1 கோடி இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போட, 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம், அதாவது 3 லட்சம் ரூபாய், முதலில் அவர் கட்ட வேண்டும். வழக்கும் வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நிறைய நோட்டீஸ்கள் நோட்டீஸாகவே நின்றுவிடுவதற்கு இதுவும் காரணம்.

அதற்காகக் கிழித்துப் போடவும் கூடாது. ஒரு வழக்கறிஞர் மூலம், அமைதியான மொழியில் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலிலேயே, அவருடைய தரப்பை கேமரா முன் சொல்ல வரும்படி அழையுங்கள். வந்தால் படம் கனக்கும். வராவிட்டால் அழைத்ததற்கு ஆதாரம் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் படத்துக்கு இடைக்காலத் தடை வாங்குவதை அது தடுக்கும். ஊடக வெளியீட்டுக்கு விசாரணைக்கு முன்பே தடை கொடுப்பதில் நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுத அனுமதி தேவையில்லை என்று சொன்ன 1994 தீர்ப்பு நம் ஊரில் பிறந்தது, நக்கீரன் ஆசிரியர் ஆர். ராஜகோபால் போட்ட வழக்கு.

ஆகவே படத்தின் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அடியில் ஒரு ஆவணம் இருக்க வேண்டும். டிரெய்லரின் பின்னணிக் குரலில் "சட்டவிரோதக் குவாரி" என்று வருகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் எடுக்க அனுமதி தரக் கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிம விதி. டேப்பை வைத்து அளப்பதைப் படம்பிடியுங்கள், விதியைத் திரையில் காட்டுங்கள், முடிவைப் பார்ப்பவரிடம் விடுங்கள். குத்தகை ஆணை, சுற்றுச்சூழல் அனுமதி இரண்டையும் ஆர்டிஐ போட்டு வாங்குங்கள். 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோபமான வார்த்தையைவிட இந்தக் காகிதங்கள்தான் அவரைச் சுடும்.

குற்றவியல் அவதூறு பற்றியும் பயப்படுகிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் இதற்கு எஃப்ஐஆர் போட முடியாது. உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்பதும் சேர்ந்தால் தற்காப்பு முழுமையாகும். போலீஸ் பொதுவாக எடுப்பது, பிரிவினரிடையே பகை வளர்த்தல், வதந்தி பரப்புதல் போன்ற பிரிவுகளைத்தான். பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் முதலில் முதற்கட்ட விசாரணை நடத்துவது பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மன் வந்தால் ஒளியாதீர்கள், வழக்கறிஞருடன் போங்கள். கணினியையோ டிஸ்க்கையோ எடுத்தால் கைப்பற்றல் மகஜர் நகல் கேளுங்கள். தேடுதலையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். படத்தின் பிரதி மூன்று வெவ்வேறு இடங்களில், ஒன்றாவது வேறு ஊரில், இருக்கட்டும்.

ட்ரோன் வாடகைக்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவு எண்ணும் ஓட்டியவரின் சான்றிதழும் தேவை. இரண்டின் நகலையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் காட்சிகள் இல்லாமல் படத்தை முடிப்பது உத்தமம்.

முகத்தை எடுக்கச் சொன்ன பெண்

கையெழுத்து இருக்கிறதே, கட்டாயம் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். அந்தப் படிவம் உங்களை ஒரு வழக்கிலிருந்து காப்பாற்றக்கூடும். அவருக்கு நாளைக்கு வேலை இல்லை என்று சொல்வதை அது தடுக்காது. படம் வெளியானதும் உங்களுக்கு ஆதரவாகக் கையெழுத்து இயக்கம் நடக்கும், பேட்டி வரும். அவருக்காக யாரும் வர மாட்டார்கள். அவர் அந்தக் குவாரியிலேயே தினக்கூலிக்கு நிற்பவர். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான்.

முகத்தை மங்கலாக்கினால் மட்டும் போதாது. குரல், வீட்டு வாசல், குழந்தை, கையில் பச்சை குத்திய பெயர், இவற்றை வைத்தே ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். அவர் சொன்னதை வேறு ஒருவர் குரலில் படிக்க வைக்கலாம், அல்லது எழுத்தாகத் திரையில் ஓடவிடலாம். எடிட் முடிந்ததும் அவரிடம் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். மூல வீடியோவை அழிக்க வேண்டாம். நோட்டீஸ் வந்துவிட்ட பிறகு எதை அழித்தாலும் ஆதாரத்தை அழித்ததாகக் குற்றம் சாட்ட முடியும். கடவுச்சொல் போட்ட தனி டிஸ்க்கில், கோப்புப் பெயரில் அவர் பெயர் இல்லாமல் வையுங்கள். அடுத்த படத்திலிருந்து சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: படம் வெளியாகும் முன்பு இன்ன தேதி வரை பின்வாங்கலாம் என்று.

கேமராவைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதா?

இது சட்டக் கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். கல்யாண வேலையையும் விட வேண்டாம். அரசியல் ஆவணப்படத்தை வைத்து மட்டும் குடும்பம் நடத்துபவர்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1948ல் தொடங்கிய, அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைக்கப்பட்ட பிறகு அரசு வழியும் குறுகிவிட்டது. முதுமலை யானைகள் பற்றிய படம் 2023ல் ஆஸ்கர் வாங்கியதைச் சொல்லி, ஓடிடி வாங்காதா என்று கேட்டிருந்தீர்கள். யானைக்கும் குவாரிக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓடிடி பணத்தை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள். நகையையும் வைக்காதீர்கள்.

யாராவது வாங்க வந்தால், ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எந்த நாடுகள் என்ற இரண்டு வரியை முதலில் படியுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று அவர்கள் எழுதிக் கொண்டு வருவார்கள். அதை அடித்துத் திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது வழக்கமான பேரம்தான்.

இந்த வாரம் மூன்று வேலை: வங்கிக் கணக்கும் 26ஏஎஸ்ஸும் எடுப்பது, கனடாவுக்கு ஃபோன் போட்டுப் பணத்தை நிறுத்துவது, நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது. வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987ன் 12ஆம் பிரிவில், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகலும் நோட்டீஸ் நகலும் கொண்டு போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள்.